மஞ்சள் கிளவுஸ்

— கத்தாதீங்க. ஐஸ்தான் வைக்கிறேன், கொள்ளிக்கட்டை இல்ல.

— இது ஐஸா? கூழாங்கல் மூட்டைய வச்சு அழுத்தற மாதிரி இருக்கு.

— பட்டாணி பாக்கெட். ஃப்ரிட்ஜ்ல இருந்த ஐஸை எல்லாம் நேத்து முதுகுக்கு வச்சுத் தீர்த்துட்டீங்க. துண்டு சுத்தித்தான் வச்சிருக்கேன், தோலுக்கு ஒண்ணும் ஆகாது. கையை நீட்டுங்க. வலி வெளிப்பக்கமா, உள்பக்கமா?

— உள்பக்கம். முழங்கைல இந்த எலும்பு துருத்திக்கிட்டு இருக்கில்ல, அங்கேருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே இழுப்பு. விஷயம் என்னன்னா, இது கண்டவங்களுக்கெல்லாம் வர்ற வலி இல்ல. இதுக்குப் பேரே ‘கோல்ஃபர்ஸ் எல்போ’.

— அப்படியா சங்கதி. ஆட்டத்துலதான் ஒரு கோப்பையும் வரல, வலியிலயாவது ஒரு பட்டம் வந்துச்சே.

— கிண்டல் பண்ணு. ஆறு மாசமா நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

— எனக்கும் தெரியும், மகராஜா. முதல்ல முதுகு. அவ்வளவு பெரிய பையை முழங்காலை மடக்காம, குனிஞ்சபடியே கார் டிக்கியிலேருந்து ஒரே இழுப்பா இழுத்தீங்க. அப்புறம் உள்ளங்கை எல்லாம் கொப்புளம். அப்புறம் தோள். இப்ப முழங்கை. உடம்புல சும்மா இருக்கறது காது ரெண்டும்தான். அதுவும் யார் சொன்னாலும் கேக்கறதில்ல.

— எங்க கோல்ஃப் கோச்சம்மா சொன்னா கேக்குமே.

— அதுதான் ஊருக்கே தெரியுமே.

— ஆரம்பிச்சுட்டியா? நான் ஒண்ணும் தப்பா சொல்லல. ஏம்மா, என்னோட நீலக் கட்டம்போட்ட சட்டை எங்க? காலைலேருந்து தேடறேன். கையைத் தூக்கி மாட்டறதுக்கு அதுதான் தொளதொளன்னு சௌகரியமா இருக்கும்.

— துவைச்சுக் கொடில போட்டிருக்கேன். இப்ப சட்டை எதுக்கு? எங்க கிளம்பறீங்க?

— இங்கதான், பக்கத்துல.

— பக்கத்துலன்னா?

— எலும்பு டாக்டர்கிட்ட. சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு. முழங்கைல ஒரு ஊசி. அவ்வளவுதான். நாளைக்குக் காலைல வலியே தெரியாது.

— தெரியாது. அதுதான் எனக்கு பயம். கை இழுக்கறப்போ தெரியாது, கிழியறப்போவும் தெரியாது. ஊசி போட்டுக்கிட்டா கையை ஆட்டாம வச்சிருக்கணுமா, மறுநாளே போய் மைதானத்துல சுத்தணுமா? இத்தனை வருஷம் மருந்துக்கடையில நிக்கறேன், எனக்கே சொல்றீங்களே.

— நீ பயந்த சுபாவம். பல் பிடுங்க வர்றவங்களும் இப்படித்தான் நாற்காலிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. முடிஞ்சதும் ‘அட, இவ்வளவுதானா டாக்டர்’னு சிரிச்சுட்டுப் போவாங்க.

— பல்லுன்னதும் ஞாபகம் வருது. வியாழக்கிழமை கிளினிக்ல என்ன நடந்துச்சு?

— என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல.

— கடைவாய்ப் பல்லுக்கு வந்த மனுஷன் வாயைத் திறந்தது திறந்தபடி உட்கார்ந்திருந்தாராமே. மரத்துப்போற ஊசி போட்டாச்சு, இடுக்கியும் உள்ள போயாச்சு. டாக்டர் கைதான் திராணி இல்லாம நழுவிடுச்சாம்.

— நர்ஸ் பொண்ணு சொன்னாளா? அவளுக்கு இருக்கு திங்கட்கிழமை.

— அவளை விடுங்க. அந்த மனுஷனை என்ன பண்ணீங்க?

— வீக்கம் கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் பார்ப்போம்னு மாத்திரை எழுதி அனுப்பிட்டேன்.

— அவருக்கா வீக்கம்?

— பட்டாணிய இன்னும் கொஞ்சம் மேல வை.

— சொல்லுங்க. யாருக்கு வீக்கம்?

— சரி, எனக்குத்தான். போதுமா? இடுக்கிய அழுத்திப் பிடிச்சதும் விரல் ரெண்டும் தானா விட்டுப்போச்சு. நெத்தியெல்லாம் வேர்த்துடுச்சு எனக்கு. பல் டாக்டரா உட்கார்ந்த நாள்லேருந்து அப்படி ஆனதே இல்ல.

— இதைத்தான் நான் சொல்றேன். அந்தக் கை நம்ம வீட்டு அடுப்பு. ஒரு விளையாட்டுக்காக அதை அணைச்சுட்டு வராதீங்க. நாளைக்கு ஒரு நாள் போகாம இருங்க. போன் பண்ணி உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க.

— நாளைக்கா? வேற எந்த நாளா இருந்தாலும் நீ சொல்றதைக் கேப்பேன். நாளைக்கு முடியாது.

— அப்படி என்ன நாளைக்கு?

— உனக்குப் பத்துத் தடவை சொல்லிட்டேன். நான் பேசறப்போ நீ கவனிக்கறதே இல்ல. அடுத்த மாசம் ஜோடிப் போட்டி. கோச்சம்மா தன்கிட்ட கத்துக்கறவங்கள்ல ஒரே ஒருத்தரைத்தான் ஜோடியா சேர்த்துக்குவாங்க. ரெண்டு பேர் மிச்சம் இருக்கோம். நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் நேருக்கு நேர் ஆடணும். ஜெயிச்சவங்க கோச்சம்மாவோட ஜோடி. புரியுதா?

— புரியுது. நல்லாவே புரியுது. கோச்சம்மாவோட ஜோடி சேரணும். அதுக்குத்தான் முதுகைக் குடுத்து, தோளைக் குடுத்து, இப்ப முழங்கையையும் குடுக்கறீங்க. எனக்காக ஒரு நாள் கடைக்குப் போய் ஒரு பால் பாக்கெட் தூக்கிட்டு வந்திருப்பீங்களா?

— பாலுக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?

— சம்பந்தம் இல்லதான். கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்தாங்களாமே?

— யார் சொன்னது?

— நீங்கதான். போன வாரம். சிரிச்சுக்கிட்டே.

— அடடா, அது பிடி சொல்லிக்குடுத்ததும்மா. நான் ஸ்டிக்கை இறுக்கிப் பிடிக்கறேனாம். முழங்கை வலிக்குப் பாதிக் காரணம் அந்த இறுக்கம்தானாம். கையைப் பிடிச்சு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘டாக்டர், சின்னக் குழந்தையோட ஆடற பல்லை எப்படித் தொடுவீங்க? விழவும் கூடாது, நழுவவும் கூடாது. அப்படிப் பிடிங்க’ன்னாங்க. என் தொழில்லேருந்தே எடுத்துச் சொன்னாங்க பாரு. அதுதான் கோச்.

— ஆடற பல்லு! உங்களுக்கு மட்டும் ஆடற பல்லு!

— ஏன், அதுல என்ன?

— ஒண்ணும் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி பார்த்துப் பார்த்துச் சொல்றாங்க போலிருக்கு. சரி, அவ்வளவு அழகா சொல்லிக்குடுத்தும் ஏன் முழங்கை இப்படி ஆச்சு?

— பயிற்சி கொஞ்சம் கூடிப்போச்சு.

— கொஞ்சமா?

— சாயங்காலம் கிளினிக் முடிச்சு நேரா மைதானம். கூடை கூடையா பந்து. விளக்கை அணைக்கற வரைக்கும் அடிப்பேன்.

— அந்த ரப்பர் பாய் மேல நின்னுதானே? கீழ சிமெண்ட்டு. பந்துக்கு முன்னாடி ஸ்டிக் தரையில மோதினா அதிர்ச்சி எல்லாம் நேரா முழங்கைக்குத்தான் வரும். உடம்பைச் சூடு பண்ணிக்கிட்டீங்களா? போனதும் முதல்ல கொஞ்சம் நடந்து, தோளைச் சுத்தி, இடுப்பைத் திருப்பி, அப்புறம் சின்ன ஸ்டிக்கால பாதி வீச்சுல நாலு பந்து, அதுக்கப்புறம்தானே பெரிய ஸ்டிக்கைத் தொடணும்? நீங்க எடுத்த எடுப்புலயே பெருசை எடுத்து வானத்துக்கு அடிப்பீங்க.

— ஆமா... இரு. உனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? நேத்து வரைக்கும் குச்சி, குச்சின்னு சொல்லிக்கிட்டிருந்த. இன்னைக்கு சின்ன ஸ்டிக், பெரிய ஸ்டிக்குங்கற?

— உங்க மைதானத்துக்காரங்கள்ல பாதிப் பேர் என் கடைக்குத்தான் வர்றாங்க. ஒருத்தர் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு, ஒருத்தர் விலாவைப் பிடிச்சுக்கிட்டு. இருமினாக்கூட விலா வலிக்குதுன்னு ஒருத்தர் அழாத குறை. எக்ஸ்ரே எடுத்தா எலும்புல கீறல். எல்லாரும் ஒரே கதைதான் சொல்றாங்க, உங்களை மாதிரியே. ஒரே நாள்ல சாதிச்சுடணும்னு அடிக்கறது.

— அவங்களுக்கெல்லாம் என் நிலைமை இல்ல. எனக்கு ஒரு எதிரி இருக்கே.

— எதிரியா? யாரு?

— மஞ்சக் கிளவுஸ்.

— என்னது?

— பேர் தெரியாது. காலை நேரத்து ஆளு. நான் கிளினிக்ல இருக்கற நேரம் வந்து ஆடிட்டுப் போயிடறா. ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்ல. கைல மஞ்ச கலர்ல ஒரு கிளவுஸ் போட்டிருப்பா. நானா வச்ச பேர்தான் அது. எனக்கு ரெண்டு மாசம் பின்னாடி வந்து சேர்ந்தவ. வந்த நாள்லேருந்து கோச்சம்மா வாயில அவ பேச்சுதான். ‘காலைல ஒருத்தங்க வர்றாங்க டாக்டர், அவங்க இடுப்பைப் பாருங்க. காலைல வர்றவங்க அவசரப்பட மாட்டாங்க டாக்டர். அவங்களுக்கு ஒரு தடவை சொன்னாப் போதும் டாக்டர்.’ எனக்கு எப்படி இருக்கும்?

— எப்படி இருக்கும்?

— பத்திக்கிட்டு வரும். நான் முந்தி வந்தவன், நான் கஷ்டப்படறவன். எனக்கு ஒரு ‘பரவாயில்ல டாக்டர்’. அவளுக்கு மட்டும் அத்தனையும். அவளை ஜெயிக்கணும்னுதான் ஒரு கூடைக்கு ரெண்டு கூடையா அடிச்சேன். போதுமா? உண்மையச் சொல்லிட்டேன். இந்த முழங்கை அவளால வந்தது.

— பாவம், அவ எங்கேயோ அவ பாட்டுக்கு ஆடிக்கிட்டிருக்கா. உங்க முழங்கைக்கு அவ பொறுப்பா?

— அவளுக்கு ஏன் நீ பரிஞ்சு பேசற?

— நான் ஏன் பரியறேன்? எனக்கு அவமேல என்ன அக்கறை? கோச்சம்மா போதாதுன்னு இப்ப காலைல ஒருத்தி. எனக்குத்தான் மண்டை காயுது. ஓஹோ, இப்பதான் விளங்குது. தினமும் படுத்ததும் போனை மூஞ்சிக்கு நேரா வச்சுக்கிட்டு ஏதோ பார்ப்பீங்களே. சத்தத்தைக் குறைச்சு வச்சுக்கிட்டு. அது யாரு? கோச்சம்மாவா?

— நீ அப்ப தூங்கிடுவியே.

— தூங்கல. வெளிச்சம் கண்ணுல அடிக்கும். திரும்பிப் படுத்துக்குவேன். யாருன்னு கேட்டா சண்டை வரும்னு கேக்கல. இப்ப கேக்கறேன். யாரு?

— கோச்சம்மா இல்ல.

— பின்ன?

— அவதான். மஞ்சக் கிளவுஸ்.

— நேர்லயே பார்த்ததில்லன்னீங்க!

— நேர்ல பார்த்ததில்ல, வீடியோலதான். எங்க குரூப்ல கோச்சம்மா போட்டாங்க. ‘இடுப்பு இப்படித்தான் திரும்பணும், எல்லாரும் பாருங்க’ன்னு. பின்பக்கத்துலேருந்து எடுத்தது. தொப்பி போட்டிருக்கா, முகம் தெரியாது. விஷயம் என்னன்னா, எதிரி எப்படி ஆடறான்னு தெரிஞ்சு வச்சுக்கணுமில்ல? அதுக்குத்தான் பார்க்கறது.

— தினமுமா?

— தினமும்தான்.

— குடுங்க போனை.

— எதுக்கு? உடைக்கவா?

— உடைக்க மாட்டேன். என் புருஷன் பக்கத்துல என்னைப் படுக்க வச்சுட்டு எவளைப் பார்க்கறாருன்னு நானும் பார்க்கறேன். குடுங்க.

— இந்தா. பார்த்துட்டு ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது. ஓடுதா?

— ...

— ஓடுதா இல்லையா? ஏன் பேச்சையே காணோம்?

— ஓடுது. பார்த்துக்கிட்டிருக்கேன்.

— பார்த்தியா? ஒண்ணுமே இல்ல, ஒரு பொம்பள பந்து அடிக்கறா. இதுக்குப் போய் இவ்வளவு நேரம் என்னை வறுத்தெடுத்த.

— இதையா தினமும் பார்த்தீங்க?

— ஆமாங்கறேன்.

— இதுல அப்படி என்ன இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியல. சொல்லுங்க பார்ப்போம்.

— உனக்குத் தெரியாது. விளையாடறவனுக்குத்தான் தெரியும். இப்படிக் காட்டு. முதல்லேருந்து போடறேன். பாரு, பந்துகிட்ட வந்து நிக்கறா. உடனே அடிச்சுடல. ஒரு மூச்சு விடறா. தோள் ரெண்டும் இறங்குது, தெரியுதா?

— எங்க?

— இங்க, இங்க. இதோ இறங்குச்சு. இந்த மூச்சுக்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சுத்தி என்ன நடந்தாலும் எனக்குக் கவலை இல்லங்கற மாதிரி. எனக்கெல்லாம் இந்த நிதானம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

— ம். அப்புறம்?

— அப்புறம் முன்கால். பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வச்சிருக்கா. அப்படி வச்சா உடம்பு சுத்தறப்போ முழங்கால் முறுக்காது. யாரும் கவனிக்க மாட்டாங்க, நான் கவனிச்சேன். இப்ப ஸ்டிக் மேல போகுது. அவசரமே இல்ல. இறங்கறப்போ பாரு, முதல்ல இடுப்பு, பின்னாடிதான் கை. நான் இடுப்பைப் பூட்டி வச்சுக்கிட்டு முதுகாலயே முறுக்கி அடிக்கறேன், அதான் முதுகு போச்சு. இவளுக்கு இந்த ஜென்மத்துல முதுகு வலி வராது.

— வந்திருக்கலாம். வந்து, கத்துக்கிட்டிருக்கலாம். உங்களுக்கென்ன தெரியும்?

— வந்த மாதிரியா இருக்கு? சும்மா தண்ணி மாதிரி திரும்பறா. முடிச்சதும் பாரு, பந்து போன பக்கம் தலையைத் தூக்கிப் பார்க்கறா. அந்த நிமிர்வைப் பாரேன். யாரோட பொண்டாட்டியோ தெரியல. குடுத்து வச்சவன்.

— குடுத்து வச்சவனா?

— சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். உடனே மூஞ்சியைத் தூக்காத.

— தூக்கல. இன்னொரு தடவை போடுங்க.

— எதுக்கு?

— அந்த மூச்சு. அதை நான் சரியா பார்க்கல. நீங்க சொல்லிக்கிட்டே போடுங்க.

— என்ன ஆச்சு உனக்கு? கண்ணு வேற கலங்கியிருக்கு. பட்டாணிய வச்சுக்கிட்டு அழற ஆளு நீ ஒருத்திதான்.

— அழல. கை மரத்துப்போச்சு. ஒரு வாரமா என் கட்டைவிரல்ல பிளாஸ்டர் இருக்கு, பார்த்தீங்களா?

— பார்த்தேனே. இல்ல, இப்பதான் பார்க்கறேன். ஏன், கத்தி பட்டுச்சா?

— அப்படியே வச்சுக்குங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேனே, அது?

— மருந்துப் பெட்டி தூக்கியிருப்ப. நான்தான் அப்பவே சொன்னேனே, கடைப் பையனைத் தூக்கச் சொல்லுன்னு.

— சொன்னீங்க. போன்லேருந்து கண்ணை எடுக்காம சொன்னீங்க. எதைப் பார்த்துக்கிட்டிருந்தீங்கன்னு இப்பதான் தெரியுது.

— ஏம்மா, சுத்திச் சுத்தி அங்கேயே வர்ற. அவ யாரோ, நான் யாரோ. அவகிட்ட எனக்கு இருக்கறது வயித்தெரிச்சல். வேற ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஊசியப் போட்டுக்கிட்டுப் போய் நாலு அடி அடிச்சு அவளைத் தோக்கடிச்சுட்டேன்னா, இந்த வீடியோவை அன்னைக்கே அழிச்சுடுவேன். சத்தியமா.

— அழிச்சுடுவீங்களா?

— உன் நிம்மதிக்காக.

— வேண்டாம். அழிக்க வேண்டாம். அவ போட்டிருக்கற சட்டை எப்படி இருக்கு?

— சட்டையா? என்ன சட்டை... ஏதோ ஆம்பளைச் சட்டை. தொளதொளன்னு இருக்கு. கையைத் தூக்க லேசா இருக்கும்னு போட்டிருப்பா. புத்திசாலி.

— முதுகுல காலருக்குக் கீழ ஒரு கறை தெரியுது பாருங்க.

— அது வேர்வை. காலை வெயில்ல ஆடினா வேர்க்காதா?

— வேர்வை முக்கோணமாவா வேர்க்கும்?

— என்ன?

— பெருசாக்கிப் பாருங்க. பல்லுல ஊசிமுனை அளவு சொத்தை இருந்தாக்கூடக் கண்டுபிடிக்கற கண்ணுதானே உங்களுக்கு?

— இரு... ஆமா, முக்கோணம்தான். மேல நுனி கூரா இருக்கு, கீழ அகலமா. பழுப்பா தீஞ்சிருக்கு. இது இஸ்திரிப்பெட்டி சுட்ட மாதிரி இல்ல இருக்கு.

— போன வருஷம் பல் டாக்டருங்க மாநாட்டுக்குக் கிளம்பறப்போ, ‘உன் உதவி ஒண்ணும் வேண்டாம், எனக்கே தேய்க்கத் தெரியும்’னு ஒருத்தர் வீரமா தேய்ச்சாரே, ஞாபகம் இருக்கா?

— நீலக் கட்டம்... இது என் சட்டை!

— அதேதான். கொடில காயுதே, அது.

— என் சட்டை அவகிட்ட எப்படிப் போச்சு? யாருக்குக் குடுத்த அதை? வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்கா? அந்தம்மாவா மஞ்சக் கிளவுஸ்?

— கடவுளே. இடது கையை நீட்டுங்க.

— வலி வலது கைல.

— தெரியும். இடது கையை நீட்டுங்க. புறங்கை மேல தெரியட்டும். இப்ப என் இடது கையைப் பக்கத்துல வைக்கிறேன். உங்க கை ஏன் மணிக்கட்டு வரைக்கும் மட்டும் வெளுத்திருக்கு?

— ஞாயித்துக்கிழமை மத்தியானம் கிளவுஸ் போட்டு வெயில்ல ஆடறேன் இல்ல? வெயில் படாத இடம் வெளுத்திருக்கு. எல்லா ஆட்டக்காரங்களுக்கும் இருக்கறதுதான்.

— என் கை?

— உன் கை... உன் கையும்...

— ம்.

— நீயா?

— நான்தான்.

— நீயா மஞ்சக் கிளவுஸ்? நீயா? எப்படி? எப்ப?

— சண்டை போடத்தான் போனேன். கோச்சம்மா கோச்சம்மான்னு நீங்க உருகின உருக்கத்துல, அந்தம்மா மூஞ்சியப் பார்த்து நாலு வார்த்தை கேட்டுட்டு வர்றதுன்னு ஒரு நாள் காலைல கிளம்பினேன். கடை மதியம்தானே திறக்கறோம். போனா, அந்தம்மா என்னைப் புதுசா சேர வந்தவங்கன்னு நினைச்சுட்டாங்க. வாயைத் திறக்கறதுக்குள்ள கைல ஒரு ஸ்டிக்கைக் குடுத்து, ‘அடிங்க’ன்னாங்க. இருந்த கோவத்துக்கு அடிச்சேன். பந்து எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம் எப்படிச் சண்டை போடறது?

— நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ.

— சொல்லலாம்னுதான் தினமும் நினைப்பேன். நீங்க போனைப் பார்த்துக்கிட்டிருப்பீங்க. அப்புறம் கோச்சம்மா, நாளைக்கு உங்களோட ஆடணும்னாங்க. சரி, அங்கேயே நேர்ல பார்த்துக்கட்டும்னு இருந்தேன். உங்க மூஞ்சி எப்படி மாறும்னு பார்க்க எவ்வளவு ஆசை தெரியுமா? நீங்க ஊசிக்குக் கிளம்பலன்னா இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். என்னை ஜெயிக்க நீங்க கையைப் பாழாக்கிக்கறதை என்னால பார்த்துக்கிட்டிருக்க முடியாது.

— ஒரு தடவை சொன்னா போதும் டாக்டர்... அவங்க அவசரப்பட மாட்டாங்க டாக்டர்... ஐயையோ. வீட்டுக்குள்ளயே இருந்திருக்கு. என் பக்கத்துலயே படுத்திருக்கு!

— ஊசி?

— ஊசி எதுக்கு இனிமே? எலும்பு டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். கையைச் சும்மா வச்சிருக்கேன், ஆறு வாரமோ எட்டு வாரமோ. நாளைக்கு நான் வரல. நீயே ஜோடி சேர்ந்துக்கோ. ஆறு மாசம் உயிரை விட்டவன் நான், கோப்பை உனக்கு. பொறாமையில வெந்துபோறேன், மறைக்க மாட்டேன்.

— வெந்துக்குங்க. இந்தாங்க, இன்னும் கொஞ்ச நேரம் பட்டாணிய நீங்களே பிடிச்சுக்குங்க.

— ஜெயிச்சவ மூஞ்சியா இது? கோச்சம்மாவும் உனக்கு, பாராட்டும் உனக்கு, என் சட்டையும் உனக்கு. அப்புறமும் ஏன் இப்படி உர்ருன்னு இருக்க? இன்னும் அந்தக் கோச்சம்மா மேலதான் பொறாமையா?

— அவங்க மேல இல்ல.

— பின்ன யார் மேல?

— அந்த மஞ்சக் கிளவுஸ்காரி மேல. அவ ஒரு மூச்சு விட்டாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்துலயே மூச்சு விட்டுக்கிட்டுப் படுத்திருந்தேனே, அது தெரியலையே.